லேபர் றூமுக்குத் துணைக்குப் போறன், பழைய காயம் உள்ள பிள்ளை. என்ன செய்யலாம்?

உவர்மலைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பாரமான விசயம் இது. சின்ன வயசில பாலியல் கொடுமையை அனுபவிச்ச ஆக்கள் மனசு சரியா இருக்கிற நேரம் பாத்து வாசியுங்க. வாசிக்காமல் விட்டாலும் பிழையில்ல.

எங்கட சொந்தத்துக்குள்ள 27 வயசுத் தங்கச்சி ஒராளுக்கு இப்ப எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. மனுசன் கட்டாரில. போன கிழமை ரெண்டு பேரும் கடற்கரையில கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தம். கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒண்டு கச்சான் கோதுக்காக எங்களுக்குக் கிட்ட வந்து நிண்டுது. அவ அந்த மானைப் பாத்துக்கொண்டே, "அக்கா, லேபர் றூமுக்கு நீங்க வாறீங்களா? அம்மா வேணாம்" எண்டா.

ஏன் எண்டு நான் கேக்கேல்ல. அவவே சொன்னா. 9 வயசில சொந்தக்காரர் ஒராள். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, கன காலம். தாய்க்குத் தெரியும். அந்தாளுக்கு இண்டைக்கும் அந்த வீட்டில தேத்தண்ணி போகுது.

நோவுக்குப் பயமில்லையாம். "உள்ளுக்குக் கை விட்டுப் பாப்பாங்க தானே அக்கா, அந்த நேரம் நான் எங்க போவன் எண்டு எனக்கே தெரியாது." ஒரு தரம் ஸ்கானுக்குப் போன இடத்தில ஒண்டும் சொல்லாமல் சட்டையை உயர்த்தி வயித்தில அந்தக் குளிர்ந்த ஜெல்லைப் பூசியிருக்கிறாங்கள். அதுக்குப் பிறகு பஸ் ஏறினதும் வீட்டுக்கு வந்ததும் அவவுக்கு ஞாபகத்தில இல்ல.

ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் இதைச் சொல்ல அவவுக்கு விருப்பமில்ல. சொல்லாமலே நான் எப்பிடித் துணை நிக்கிறது? ரெண்டு பிள்ளை பெத்தவ நான். எண்டாலும் இதில எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

நெறியாள்

இந்த இழைக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள். அந்த ஆள் ஆர், எந்தக் குடும்பம், எந்த ஒழுங்கை எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. நடந்ததை விவரமா எழுதத் தேவையில்ல. ஆஸ்பத்திரி, டொக்டர், நேர்ஸ் பேர் போட்டால் அழிப்பன்.

உவர்மலைக்காரி, உங்களிட்ட ஒரு கேள்வி. இதை இங்க எழுதினது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

உவர்மலைக்காரி

தெரியும். எழுதிப்போட்டு முதல்ல அவவிட்டத்தான் வாசிக்கக் குடுத்தனான். மூண்டு இடத்தில மாத்தச் சொன்னா, மாத்தினன். மானை எடுக்க வேணாமாம்.

பழைய மிட்வைப்

மகள், நான் 31 வருசம் மிட்வைப் வேலை பாத்து ஓய்வெடுத்தவ. வாட்டிலயும் இருந்தனான், வெளிக்களத்திலயும் இருந்தனான். உங்களுக்கு எழுத முதல் ஒண்டை ஒத்துக்கொள்ளோணும்.

2006இல இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்த காலத்தில, தறப்பாள் கொட்டிலுக்குள்ள சீலையைக் கட்டி மறைச்சுத்தான் கர்ப்பவதிகளைப் பாத்தனாங்கள். ஒரு பிள்ளை முழங்கால் ரெண்டையும் பூட்டுப் போட்ட மாதிரி இறுக்கிக்கொண்டு இருந்தா. நான் அவசரக்காரி, வெளியில இன்னும் 40 பேர். "என்ன புள்ள, பிள்ளை வேற வழியாலயோ வரப்போகுது" எண்டு சொல்லி, கையால விலக்கினனான். அவ கத்தேல்ல. மேல தறப்பாளைப் பாத்தபடி கிடந்தா. நல்ல பிள்ளை, ஒத்துழைக்கிறா எண்டு நினைச்சன். அந்தக் கண் என்னை விட்டுப் போக எத்தினையோ வருசம் எடுத்தது. போயிட்டுது எண்டும் சொல்லேலாது.

வாட்டில நோவில கத்துற பிள்ளையளிட்ட "புருசனோட படுக்கேக்க நொந்ததோ" எண்டு கேப்பாங்கள். கேள்விப்படாத ஆக்கள் இங்க இருக்க மாட்டீங்க. பகிடி எண்டு நானும் ஒண்டு ரெண்டு தரம் சொல்லியிருக்கிறன். எதிரில கிடக்கிறவவுக்கு அந்தச் சொல் எங்க போய்க் குத்தும் எண்டு அந்த நாளில எங்களுக்கு ஆரும் படிப்பிக்கேல்ல.

இப்ப உங்கட கேள்வி. கதையைச் சொல்லத் தேவையில்ல மகள். கதை அவவிட சொத்து. தேவையைச் சொன்னால் காணும். கிளினிக்கில உங்கட பகுதி மிட்வைப்பிட்ட, "இவவுக்கு உள்சோதனை எண்டால் சரியான பயம். தொட முதல் சொல்லிப்போட்டுத் தொடுங்க, நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுங்க" எண்டு சொல்லுங்க. ஏன் பயம் எண்டு கேட்டால், "பயம் தான் மிஸ்" எண்டதோட விடுங்க. ஆயிரம் காரணத்துக்குப் பயம் வரும். பயத்துக்கு ஆரும் அத்தாட்சிப் பத்திரம் கேக்கிறதில்ல.

துணைக்கு ஆள் விடுறது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம். நோ எழும்பின பிறகு வாசலில நிண்டு மன்றாடாமல் இப்பவே கேட்டு வையுங்க. லேபர் றூமையும் முன்கூட்டியே ஒருக்கா காட்டச் சொல்லுங்க. கட்டில் எது, கதவு எந்தப் பக்கம், கழிவறை எங்க எண்டு அவ கண்ணால பாத்திருக்கோணும். உள்ளுக்குப் போனால் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. "ஏழாம் கட்டில்" எண்டு கூப்பிட்டால் ஆள் பாதி அங்கயே துலைஞ்சிடும்.

பாலையூற்றான்

தப்பா நினைக்காதீங்க. எங்கட அம்மம்மா வீட்டில 9 பெத்தவ. அப்ப இந்தக் கதையெல்லாம் இருந்ததா? லேபர் றூமில டொக்டர் தொடாமல் எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? எல்லாத்துக்கும் அனுமதி கேட்டுக்கொண்டு நிண்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகிடாதா?

கடலோரம்

பாலையூற்றான், உங்கட அம்மம்மாவிட்ட ஆராவது கேட்டவங்களா?

நான் இதுக்குள்ளால போய் வந்தவ. 12 வருசத்துக்கு முதல். என்னைப் பற்றி வேற ஒண்டும் எழுதப் போறதில்ல, பிள்ளைப்பேறை மட்டும் எழுதுறன்.

என்ட பேறு வாட்டுக்காரரைப் பொறுத்தவரை நல்லா நடந்த பேறு. சத்தமே போடாமல் கிடந்தனாம். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு என்னைக் காட்டி, "அவவைப் பாத்துப் பழகு" எண்டாங்கள். நான் எங்க கிடந்தன்? கூரை அஸ்பெஸ்ரஸ் தகடு. ஒரு தகட்டில எத்தினை ஆணி எண்டு எண்ணிக்கொண்டிருந்தன். 14. பிறகு அடுத்த தகடு. கட்டிலில கிடந்தது ஒரு உடம்பு, நான் ஆணிக்குப் பக்கத்தில. 9 வயசிலயும் 10 வயசிலயும் எனக்குக் கைவந்த வித்தை அது.

கருப்பை வாய் 6 சென்ரிமீற்றர் திறந்ததோட எல்லாம் நிண்டு போச்சுது. மணித்தியாலக் கணக்கா அசையேல்ல. அதுக்குக் கொஞ்சம் முதல்தான் படிக்கிற பெடியன்கள் ரெண்டு பேர் வந்து, ஒராளுக்குப் பிறகு ஒராள் பாத்தவங்கள். கேட்டவங்களா? கேட்டிருந்தாலும் "ஓம்" எண்டுதான் சொல்லியிருப்பன். இதையும் விளங்கிக்கொள்ளுங்க. எங்களைப்போல ஆக்களுக்கு "இல்ல" எண்ட சொல் வாயில வராது. அதைச் சின்ன வயசிலயே பிடுங்கிட்டாங்கள். அதால "ஓமா?" எண்டு கேட்டால் காணாது. "இப்பவா, கொஞ்சம் பிந்தியா?", "நிமிந்து கிடக்கிறீங்களா, சரிஞ்சு கிடக்கிறீங்களா?" எண்டு கேளுங்க. ரெண்டில ஒண்டைத் தெரிஞ்செடுக்கிற அளவுக்கு வாய் வரும்.

இன்னொண்டு. "உடம்பை லேசா விடு, ஒண்டுமில்ல, கெதியா முடிஞ்சிடும்." மிட்வைப் அன்பாத்தான் சொன்னா. அந்த மூண்டும் அவன் சொல்லுற வார்த்தை. உவர்மலைக்காரி, எந்த எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது எண்டு உங்கட தங்கச்சியிட்டக் கேட்டு வையுங்க. ஏன் எண்டு கேக்க வேணாம். சொல்லை மட்டும் கேளுங்க.

பிள்ளை பிறந்த பிறகுதான் எனக்கு மெய்யாக் கஷ்டம் வந்தது. வாட்டில ஒருத்தி வந்து, கேக்காமல் பறையாமல் என்ட மார்பைப் பிடிச்சுப் பிள்ளையிட வாயில வைச்சா. பகலில பால் குடுத்தன், பிரச்சினை இல்ல. ராவில, இருட்டுக்குள்ள, நித்திரையில இருக்கேக்க அந்த வாய் வந்து படுறதை என்னால தாங்க ஏலாமல் இருந்தது. என்ட பிள்ளை எண்டு தெரியும், உடம்புக்குத் தெரியேல்ல. ராவுக்கு லைட்டைப் போட்டு, எழும்பி இருந்து, பாலைக் கறந்து கோப்பையால பருக்கினன். ரெண்டு மாசம் அப்பிடி. பிறகு மெல்ல மெல்லச் சரி வந்தது. மகள் இப்ப ஏழாம் ஆண்டு படிக்கிறா.

வெள்ளைக்கோட்டு

நான் ஒரு அரச ஆஸ்பத்திரியில் மகப்பேற்று வாட்டில் வேலை செய்யும் எம்.ஓ. (மருத்துவ அதிகாரி). எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

முதலில் பாலையூற்றானுக்கு. அனுமதி கேட்க எடுக்கும் நேரம் நாலு விநாடி. அந்த நாலு விநாடி இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. தொப்புள்கொடி முன்னுக்கு வந்து விழுந்தால், பிள்ளையின் தோள் சிக்கினால், தாய்க்கு இரத்தம் பெருக்கெடுத்தால், கை உடனே உள்ளே போகும். அப்படி ஒரு நிலை வரலாம் என்பதைக் கிளினிக்கிலேயே சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரத்திலும் "இதைச் செய்கிறேன், பிள்ளைக்காக" என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்யலாம். கை ஒரு வேலை, வாய் ஒரு வேலை. எல்லாம் அடங்கிய பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, என்ன நடந்தது, ஏன் செய்தோம் என்று விளக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

உள்சோதனைக்கு வாட்டில் வி.இ. என்று சொல்வோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளின்படி, சிக்கல் இல்லாத தாய்க்கு 5 சென்ரிமீற்றர் திறந்த பிறகு 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போதும். தாய் விரும்பும் ஒருவரைத் துணைக்கு விடச் சொல்லியிருப்பதும் அதே பரிந்துரைகள்தான். கீழே மயிர் வழிப்பது, எனிமா கொடுப்பது, எல்லாருக்கும் வழமையாக வெட்டித் தைப்பது மூன்றும் வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே "ஏன் இப்போது பார்க்கிறீர்கள், முடிவு எதை மாற்றும்?" என்று துணைக்கு நிற்பவர் மரியாதையாகக் கேட்கலாம். பதில் இல்லாவிட்டால் அந்தச் சோதனை தேவையில்லாததாகவும் இருக்கலாம்.

நிமிர்ந்து கிடந்து காலை அகட்டித்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை. இடப்பக்கம் சரிந்து கிடந்தும் பார்க்கலாம். இடுப்புக்கு மேல் துணி இருக்கட்டும். பார்ப்பவர் மாறாமல் ஒரே ஆளாக இருந்தால் நல்லது. ஒருவர் பார்த்த முடிவை நம்பாமல் இன்னொருவர் உடனே திரும்பப் பார்ப்பது தாய்க்கு இரட்டை வேதனை. இரவு ட்யூட்டியில் பெண் டொக்டர் இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, வி.ஓ.ஜி.மாரில் (மகப்பேற்று விசேட வைத்தியர்கள்) ஆண்கள்தான் கூட. ஆனால் ஆண் டொக்டர் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு பெண் ஊழியர் நிற்க வேண்டும். அதைக் கட்டாயம் கேளுங்கள்.

சீசர் செய்தால் தப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலருக்கு அது நிம்மதி. வேறு சிலருக்கு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போய், கையை விரித்துப் பலகையில் வைத்து, தலைக்கு மேல் முகமூடி போட்ட ஆட்கள் நிற்பது இதைவிடக் கொடுமை. சத்திரசிகிச்சைதான் என்று முடிவானால், கையைக் கட்டாமல் விடச் சொல்லலாம். சிறுநீர்க் குழாயை முதுகு ஊசி வேலை செய்யத் தொடங்கிய பிறகு போடச் சொல்லலாம்.

கர்ப்பவதி அட்டையில் ஒரு வரி எழுதுவித்தால் ட்யூட்டி மாறினாலும் தகவல் போய்ச் சேரும்: "தொடுமுன் கேட்கவும். காரணம் கேட்க வேண்டாம்."

கிண்ணியா லாத்தா

டொக்டர், அந்த அட்டையில எழுதாதீங்க. எங்கட வீடுகளில அந்த அட்டை மாமிட அலுமாரிக்குள்ளதான் இரிக்கி. மாமி வாசிப்பா, மச்சி வாசிப்பா, பொறகு முழு ஒழுங்கையும் வாசிக்கும். வேறயா ஒரு துண்டுல எழுதி, வாட்டுக்குள்ள போற நேரம் கையில குடுங்க.

துணைக்கு ஆர் வாறது எண்டதையும் அந்தப் புள்ளைய தனிய வெச்சித்தான் கேக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு புள்ளைக்குக் கொடுமை செய்ததே கட்டினவன்தான். "நான் வாறன், நான்தான் நிப்பன்" எண்டு கிளினிக்குல முன்னுக்கு நிண்டவனும் அவன்தான். பாக்கிறவங்க, என்ன பாசம் எண்டாங்க. இந்த நாட்டுச் சட்டத்துல, கோடு (நீதிமன்றம்) பிரிச்சு விடாத வரைக்கும் புருசன் செய்யிறது வல்லுறவுக்குள்ள வராது. 1995இல சட்டத்தைத் திருத்தின நேரமும் அதை அப்பிடியே விட்டாங்க. 2005இல வந்த வீட்டு வன்முறைச் சட்டத்தால கோட்டுல பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது, வீட்டுக்கு வந்த பொறகு குளிப்பாட்டுற கதை. இங்க ஒருத்தரும் அதைச் சொல்லல்ல. மருத்துவிச்சி வந்து, இலை அவிச்ச சுடுதண்ணிய இடுப்புல அடிச்சு ஊத்தி, வகுத்தை அமத்தி விடுவா. அங்கத்தில துணி இல்லாம, ஒரு குந்துல இருத்தி வெச்சி. எனக்கு அது சொர்க்கம். என்ட தங்கச்சி ஒருத்தி ரெண்டாம் நாளே கதவைப் பூட்டிக்கிட்டா. கொழுப்பு எண்டு எல்லாரும் ஏசினோம். இப்ப இதையெல்லாம் வாசிக்கக்குள்ள எனக்கு வேற மாதிரிப் படுகுது. நான் அவக்கிட்ட ஒண்டும் கேக்கப் போறல்ல. நாளைக்கு ஒரு கறி ஆக்கிக்கிட்டுப் போவன்.

உவர்மலைக்காரி

வாசிச்சுக்கொண்டு வர நெஞ்சு அடைக்குது. தனித் துண்டு எழுதுறம். எங்கட பக்கம் வேது வைச்சு வாக்கிறதையும் அவவிட்டக் கேக்கோணும், நல்ல காலம் சொன்னீங்க.

ஒரு கேள்வி. கடலோரம் சொன்ன மாதிரி அவ ஆணி எண்ணப் போயிட்டா எண்டால் நான் என்ன செய்யிறது? உலுப்பி எழுப்புறதா?

ஸ்காபரோ அன்ரி

உலுப்பாதீங்கோ, கடவுளே! நான் திருகோணமலையில பிறந்து, இப்ப ரொறன்ரோவில பிள்ளைப்பேறுக்குத் துணை போற வேலை செய்யிறன். டூலா எண்டு சொல்லுவினம். சியாட்டிலில இருந்த பெனி சிம்கின் எண்ட அம்மா இந்த வேலைக்கு அத்திவாரம் போட்டவைக்குள்ள ஒராள், 2024இலதான் செத்தவ. சின்ன வயசுக் கொடுமைக்கும் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பை எங்களைப்போல ஆக்களுக்கு விளங்கப்படுத்தினதும் அவதான்.

ஆள் விலகிப் போறதைக் கண்ணில பிடிக்கலாம். பார்வை ஒரு இடத்தில குத்தி நிக்கும், மூச்சு மேலால ஓடும், கேள்விக்குப் பதில் பிந்தி வரும் இல்லாட்டி வராது. அப்ப முதல் வேலை, தொட்டுக்கொண்டு இருக்கிறவை ஆரெண்டாலும் கையை எடுக்கோணும். நீங்கள் அவவிட கண்மட்டத்துக்குக் குனிஞ்சு, மெல்லப் பேரைச் சொல்லுங்கோ. "நான் அக்கா. இது ஆஸ்பத்திரி. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. உனக்கு இப்ப 27 வயசு. உன்ர பிள்ளை பிறக்கப்போகுது." வயசைச் சொல்ல மறக்காதீங்கோ, அவ போயிருக்கிறது 9 வயசுக்கு. பாதத்தை ஏதாவதொண்டில ஊண்டி மிதிக்கச் சொல்லுங்கோ, ஈரத்துணியைக் கையில குடுங்கோ. கண்ணை மூடச் சொல்லாதீங்கோ. மூடினால் உள்ளுக்கு இருக்கிறது அந்தாள்தான்.

ஆனால் ஒண்டு, சில பேருக்கு அந்த விலகிப் போறதுதான் கவசம். எப்பவும் இழுத்துக்கொண்டு வரத் தேவையில்ல. "போனால் கூப்பிடவா, விடவா?" எண்டு அவவிட்டயே முதல்ல கேட்டு வையுங்கோ.

நோ நிண்டு போறதுக்கும் காரணம் இருக்கு. பயந்தால் அட்ரினலின் ஏறும், அது நோவை எழுப்புற ஒக்சிரோசின் எண்ட ஓமோனை அமத்திப்போடும், கருப்பை சுருங்கிறது குறைஞ்சுபோகும். காட்டில புலி வந்தால் மான் குட்டி போடாது. வாட்டில அதுக்குப் பேர் "முன்னேற்றம் இல்ல". உடனே சேலைனில மருந்தைக் கூட்டுவினம். முதல்ல புலியை வெளியில அனுப்பலாம்.

பழைய மிட்வைப்

"நிப்பாட்டுங்க" எண்டு வாய் வராது எண்டு கடலோரம் சொன்னாவே, அதுக்கு ஒரு வழி. கையை உயர்த்தச் சொல்லலாம், ஆனால் நோவில எல்லாரும்தான் கையைத் தூக்குறாங்க, ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. "பொறுங்க, பொறுங்க" எண்டு கத்தாத பிள்ளையும் இல்ல.

தேசிக்காய் ஒண்டைக் கையில குடுங்க மகள். காளி கோயில் தேசிக்காய் எண்டு சொன்னால் அற்றெண்டனும் ஒண்டும் கேக்கமாட்டா, பாதிப் பேர் அதோடதான் வாறது. நோவுக்கு இறுக்கிப் பிடிக்கலாம், நகத்தால கீறி மணக்கலாம். கையில இருந்து விழுந்தால் எல்லாரும் நிப்பாட்டோணும். துண்டில அதையும் எழுதுங்க.

பாலையூற்றான்

சரி, நான் கேட்டது பிழையெண்டால் விடுங்க. ஆனால் ஒண்டு மட்டும் விளங்கேல்ல. அந்தாளை ஏன் இன்னும் பொலிசில குடுக்கேல்ல? ஆர் எண்டு சொன்னால் நாங்களாவது

*[மிச்சம் நெறியாளால் நீக்கப்பட்டது. விதியைத் திரும்ப வாசியுங்க.]*

வெள்ளைக்கோட்டு

பொலிசுக்குப் போவதா, எப்போது போவது என்பதை அந்தப் பெண்தான் முடிவெடுக்க வேண்டும். பிரசவத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது நாங்கள் தள்ளிவிடக் கூடாது.

அவருக்குப் பேச வேண்டும் என்று தோன்றினால், பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு உண்டு, சிங்களத்தில் மித்துரு பியச. பால்நிலை வன்முறைக்கு உள்ளானவர்களுடன் தனியாக வைத்துப் பேசுவார்கள். மகளிர் உதவிக்கு 1938, மனநல உதவிக்கு 1926, சிறுவர் விசயமென்றால் 1929. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை கர்ப்பமாக வந்தால் சட்டப்படி அது முற்றிலும் வேறு கதை, அதை இந்த இழையில் கலக்க வேண்டாம்.

உவர்மலைக்காரி (பதினொரு கிழமைக்குப் பிறகு)

இழையை மறக்கேல்ல. பொம்பிளைப் பிள்ளை, 2.9 கிலோ. ரெண்டு பேரும் சுகம்.

எல்லாம் அழகா நடந்தது எண்டு எழுத ஆசைதான். நடந்ததை எழுதுறன்.

துண்டை வாட்டு மிஸ்ஸிட்டக் குடுத்தம். வாசிச்சா, ஒண்டும் கேக்கேல்ல, மடிச்சுச் சட்டைப்பைக்குள்ள வைச்சா. முதல் ரெண்டு சோதனையும் அவவேதான். "இப்பவா, அடுத்த நோ போன பிறகா?" எண்டு கேட்டா. தங்கச்சி சரிஞ்சு கிடந்தபடி, "போன பிறகு" எண்டா. அந்த ரெண்டு சொல்லைக் கேக்க எனக்கு அழுகை வந்திட்டுது.

பிறகு ட்யூட்டி மாறினது. புது டொக்டர் வந்தார், பெடியன், கண் சிவந்து போய் இருந்தது, எத்தினை மணித்தியாலம் நித்திரையில்லையோ. கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து நேர தொடங்கினார். நான் வாய் திறக்க முதல் தேசிக்காய் விழுந்து உருண்டு ட்றொலிக்குக் கீழ போனது. அற்றெண்டன் அம்மா "ஐயோ காளி தேசிக்காய்" எண்டு குனிஞ்சா. முதல் மிஸ் இன்னும் போகேல்ல, வாசலில கையெழுத்துப் போட்டுக்கொண்டு நிண்டவ. "டொக்டர், கொஞ்சம் நில்லுங்க" எண்டா. அவர் கையை எடுத்திட்டார். ரெண்டு அடி பின்னுக்குப் போய் நிண்டு, "மன்னிக்கோணும், நான் கேக்கேல்ல" எண்டார். ரெண்டு நோ போகும் வரைக்கும் அப்பிடியே நிண்டார். பிறகு அவவே, "இப்பப் பாருங்க" எண்டா.

பிள்ளை பிறக்கிற நேரம் அவ எங்கயும் போகேல்ல. வயசைச் சொல்லிக்கொண்டே இருந்தன். "27 தான் அக்கா, விளங்குது!" எண்டு ஏசினா.

நாங்கள் கோட்டை விட்டது தையலில. கொஞ்சம் கிழிஞ்சிருந்தது. காலை உயர்த்தி வைச்சு, நல்ல வெளிச்சத்தைப் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு மேல. "பிள்ளை பிறந்திட்டுது தானே, துணைக்கு வந்தவ வெளியில நில்லுங்க" எண்டு என்னை அனுப்பிட்டாங்கள். அந்த அரை மணித்தியாலம் அவ தனிய. நான் திரும்பிப் போகேக்க பிள்ளை நெஞ்சில கிடக்குது, அவ கூரையைப் பாத்துக்கொண்டு கிடக்கிறா. பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டன். வர நேரம் எடுத்தது. துண்டு எழுதுற ஆக்கள், "தையல் முடியும் வரை துணை நிற்க வேண்டும், ஊசி மருந்து நல்லா வேலை செய்யுதா எண்டு கேட்டுப்போட்டுத் தையுங்கள்" எண்டதையும் எழுதுங்க. நாங்கள் அதை யோசிக்கவே இல்ல.

கடலோரம்

நானும் அதை எழுதாமல் விட்டிட்டன். எனக்கும் தையல் நேரம் இருந்தது. அதைப் பற்றி ஒண்டுமே ஞாபகம் இல்ல எண்டதை இப்பத்தான் கவனிக்கிறன்.

பழைய மிட்வைப்

பால் குடிக்குதா மகள்? வேது வாத்தீங்களா? 31ஆம் நாள் சடங்கு ஆர் வீட்டில செய்தது? தாய் வீட்டில எண்டால் அந்தாள் வந்திருக்குமே எண்டு மனசுக்குள்ள ஒரே யோசினை.

தேசிக்காய் (புதிய உறுப்பினர், முதற்பதிவு)

வணக்கம் அம்மா. நான்தான் அந்தத் தங்கச்சி.

பால் குடிக்குது. ராவில லைட்டைப் போட்டுக்கொண்டு குடுக்கிறன். வேது நானே வாத்தனான், கதவைப் பூட்டிப்போட்டு. தண்ணி கொண்டு வந்து வைக்கிறது மட்டும் அக்கா. 31 அக்கா வீட்டில செய்தது. ஆரை ஆரைக் கூப்பிடுறது எண்ட பேரை நான்தான் எழுதினனான். அம்மா வந்தவ, தனிய.

அக்கா ஒரு இடத்தில பிழையா எழுதியிருக்கிறா. தேசிக்காய் கையில இருந்து விழேல்ல. நான் எறிஞ்சனான். டொக்டரிட சப்பாத்தில பட்டுத்தான் உருண்டது.